வாயில்லா ஜீவனுக்கு வாயாக

காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறீர்கள். "எங்கே வலிக்கிறது? எப்போது ஆரம்பித்தது? நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்று அவர் கேட்கிறார். நீங்கள் சொல்லும் பதிலிலேயே பாதி நோய் அவருக்குப் பிடிபட்டு விடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் ஸ்டெதாஸ்கோப்பும் இரத்தப் பரிசோதனையும்.

இதே கேள்விகளை ஒரு பசுவிடம் கேட்டுப் பாருங்கள். காதை ஆட்டும்; பெருமூச்சு விடும். அவ்வளவுதான். போதாததற்கு, ஆடு மாடு போன்ற தாவர உண்ணிகள் வலியை எளிதில் வெளிக்காட்டுவதும் இல்லை. அவற்றின் முன்னோர் காட்டில் மந்தையாகத் திரிந்த காலத்தில், நொண்டுகிற விலங்கின் மேல்தான் புலியின் கண் முதலில் விழும். ஆகவே முடிந்த மட்டும் நோயை மறைத்துக் கொண்டு நிற்பது அவற்றின் இயல்பாகி விட்டது. பார்த்தவுடன் தெரியும்படி ஒரு மாடு சோர்ந்து படுத்துவிட்டால், நோய் முற்றிவிட்டது என்றே பெரும்பாலும் பொருள்.

எனவே கால்நடை மருத்துவமனையில் நோயாளிக்காகப் பேச ஒருவர் வேண்டியிருக்கிறது. மருத்துவர் வந்து கை வைப்பதற்கு முன்பே விலங்கைப் பதறாமல் நிறுத்தி, அதன் மூச்சையும் நாடியையும் வெப்பத்தையும் அளந்து, சாணம் போட்டதா, அசை போட்டதா என்று பார்த்துச் சீட்டில் குறித்து வைப்பவர் அவர். கால்நடை மருத்துவ உதவியாளர் என்று அவரைச் சொல்லலாம். பள்ளிப் படிப்பு முடிந்து, அந்த வேலையில் இன்றுதான் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். முதல் சில வாரங்களில் என்னவெல்லாம் கற்றுக் கொள்வீர்கள்?

அதற்கு முன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 'கால்நடை உதவி மருத்துவர்' என்று பலகையில் எழுதியிருந்தால், அவர் உதவியாளர் அல்லர். கல்லூரியில் பட்டம் பெற்ற முழு மருத்துவர். உதவியாளர், ஆய்வாளர் என்னும் பதவிகள் வேறு. இந்தப் பெயர்க் குழப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. இங்கிலாந்தில் 1961-ஆம் ஆண்டில் இவ்வேலைக்கு முறையான பயிற்சி தொடங்கியபோது, பயிற்சி பெற்றவர்கள் தங்களை 'நர்ஸ்' என்று சொல்லிக் கொள்ள முடியவில்லை. அந்தச் சொல் மனிதருக்குச் செவிலிப்பணி செய்வோருக்கே சட்டப்படி உரியதாக இருந்தது. 'விலங்குச் செவிலித் துணையாளர்' என்ற நீளமான பெயரைச் சுமந்து, 1984-ஆம் ஆண்டில்தான் கால்நடைச் செவிலியர் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது.

அதே 1984-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் பிறந்தது. நோய் இன்னதென்று தீர்மானிப்பதும், மருந்து எழுதுவதும், அறுவை செய்வதும் பதிவு பெற்ற மருத்துவரின் பொறுப்பு என்கிறது அது. தடுப்பூசி போடுதல், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுதல் போன்ற சிறு பணிகளை, உரிய சான்றிதழ் பெற்றவர் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். இந்த எல்லைக் கோட்டை முதல் நாளே மனத்தில் வரைந்து கொள்ளுங்கள்.

எந்தப் பக்கமிருந்து போவது?

முதல் பாடம் மருந்தில் தொடங்குவதில்லை, கயிற்றில் தொடங்குகிறது.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. அதனால் தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கும். நேர் பின்னால் மட்டும் ஒரு குறுகிய பகுதி அதற்குத் தெரியாது. நீங்கள் அந்தப் பகுதி வழியாகப் போய்த் திடீரென்று தொட்டால், புலி தொட்டதா மனிதன் தொட்டானா என்று விசாரித்துக் கொண்டிருக்க அதற்கு நேரமில்லை, உதைக்கும். குதிரை நேர் பின்னால் உதைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாடோ பின்னங்காலை முன்னால் கொண்டு வந்து, பக்கவாட்டில் வீசி உதைக்கும். ஆகவே தோள் பக்கமாக, குரல் கொடுத்துக் கொண்டே, நிதானமாகப் போய்க் கழுத்தில் கை வைக்க வேண்டும்.

அடுத்தது முடிச்சு. சுருக்குக் கயிற்றைக் கழுத்தில் போட்டு மாட்டைக் கட்டக் கூடாது. மாடு கால் தவறி விழுந்தால் அதன் எடையே சுருக்கை இறுக்கிவிடும். கழுத்தில் போடும் முடிச்சு எவ்வளவு இழுத்தாலும் இறுகாததாக இருக்க வேண்டும். தூணில் போடும் முடிச்சோ நுனியை இழுத்தால் ஒரே நொடியில் அவிழ்வதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் இருட்டிலும் போடத் தெரியும் வரை பழகுங்கள். கன்று போடுவதற்கு மாடுகள் பகல் நேரம் பார்ப்பதில்லை!

சில சமயம் சிகிச்சைக்காக மாட்டைப் படுக்க வைக்க நேரிடும். கழுத்து, மார்பு, வயிறு என்று மூன்று இடங்களில் கயிற்றைச் சுற்றி, பின்னாலிருந்து சீராக இழுத்தால் 400 கிலோ எடையுள்ள மாடும் மெதுவாகக் கால் மடக்கிப் படுத்துவிடும். பயில்வான்கள் தேவையில்லை. ஆனால் படுத்த மாட்டை வெகு நேரம் ஒருக்களித்துக் கிடக்க விடலாகாது. ஏன் தெரியுமா? பெரிய மாட்டின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதித்தல் தொட்டி. அங்கே கோடானுகோடி நுண்ணுயிரிகள் புல்லையும் வைக்கோலையும் சிதைத்துக் கொண்டிருக்கின்றன. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் வாயு உண்டாகிறது. மாடு அதை ஏப்பமாக விட்டுக் கொண்டே இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் உணவுக் குழாய் இரைப்பையில் சேரும் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்து போகிறது. வாயு வெளியேற வழியில்லை. வயிறு உப்பி, நுரையீரலை அழுத்தி, மூச்சு முட்டும். அதனால் மாட்டை நெஞ்சின் மேல் நிமிர்ந்து படுக்கும்படி வைக்கோல் கட்டுகளால் அணை கொடுக்க வேண்டும்.

நாயின் சங்கதி வேறு. கடிக்கும் நாயின் வாயை நாடாவால் கட்டுவது வழக்கம். ஆனால் நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது தன் உடம்பைக் குளிரச் செய்கிறது. கோடைக் காலத்தில் வாயைக் கட்டிய நாயை அப்படியே மறந்துவிட்டால் அதுவே அதற்கு யமனாகி விடும். பூனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கனத்த துண்டும், நிறையப் பொறுமையும் போதும்.

மூன்று எண்கள்

இனி அளவைகள். மூச்சு, நாடி, வெப்பம் என்ற வரிசையிலேயே எடுங்கள். முதலில் மாட்டைத் தொடாமல், நாலடி தள்ளி நின்று, அதன் வயிற்றோரம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். தொட்டுவிட்டுப் பிறகு எண்ணினால், நீங்கள் அளப்பது நோயை அன்று. உங்களைக் கண்ட பயத்தை!

நாடி பார்க்க மாட்டுக்கு மணிக்கட்டு ஏது? வாலைத் தூக்கி, அதன் அடிப்பக்கம் நடுவில் விரல்களை வைத்துப் பாருங்கள். அங்கே ஓடும் தமனியின் துடிப்பு தெரியும். ஆட்டுக்கும் நாய்க்கும் தொடையின் உட்புறம். குதிரைக்குத் தாடையின் கீழ் விளிம்பு. வளர்ந்த பசுவுக்கு நிமிடத்திற்கு 60 முதல் 80 வரை துடிக்கும். குதிரைக்கு 28 முதல் 44 வரைதான். யானைக்கு 30-ஐ ஒட்டி. பூனைக்கு 140-க்கும் மேல். கோழிக்கு 250-ஐயும் தாண்டும். சுண்டெலிக்கு 500, 600!

உடல் சிறுக்கச் சிறுக்க இதயம் வேகமாகத் துடிப்பானேன்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ.; கன அளவு 1 கன செ.மீ. பக்கம் 2 செ.மீ. ஆனால் பரப்பு 24. கன அளவு 8. முதலாவதில் ஒவ்வொரு கன செ.மீ.க்கும் 6 பங்கு பரப்பு. இரண்டாவதில் 3 பங்குதான். வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாக. ஆகவே சிறிய உடல் விரைவில் வெப்பத்தை இழக்கிறது; ஈடு செய்ய வேகமாக எரிபொருளை எரிக்கிறது; அதற்கு வேண்டிய பிராணவாயுவைக் கொண்டு சேர்க்க இதயம் ஓடுகிறது. பரப்பு மட்டுமே முழு விளக்கம் ஆகாது என்று 1932-ஆம் ஆண்டில் மாக்ஸ் கிளைபர் என்னும் விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். அவர் தொடங்கி வைத்த வாதம் இன்னும் ஓயவில்லை.

வெப்பத்தை ஆசனவாயில் வெப்பமானியைச் செருகி அளக்கிறோம். அதைச் சற்றுச் சாய்த்து, குடல் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். சாணத்துக்குள் நட்டு வைத்தால் அளவு குறைவாகக் காட்டும். வெப்பமானியில் ஒரு நூலைக் கட்டி வால் மயிரோடு இணைத்து வைப்பது நல்லது. இல்லையேல் அது உள்ளே போய்விடும். பிறகு தேடி எடுப்பது உங்கள் வேலைதான். மனிதனுக்கு 98.6 டிகிரி பாரன்ஹீட் என்றால் பசுவுக்கு 101.5, வெள்ளாட்டுக்கு 103-ஐ ஒட்டி, கோழிக்கு 106-க்கு மேல். மனிதக் கணக்கை வைத்துக் கொண்டு பார்த்தால் ஊரிலுள்ள ஆடுகளுக்கெல்லாம் எப்போதும் காய்ச்சல் என்றாகிவிடும். வெயிலில் மூன்று மைல் நடந்து வந்த மாட்டை நிழலில் ஓய்வெடுக்க விட்ட பின்னரே அளக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. மாட்டின் இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா? அங்கே முஷ்டியை அழுத்தி வைத்தால் இரைப்பை புரள்வது கைக்குத் தெரியும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் தூரத்து இடி போலக் கேட்கும். நிமிடத்திற்கு ஒன்று அல்லது இரண்டு முறை புரண்டால் சரி. சத்தமே இல்லையென்றால் அந்தத் தொட்டியில் வேலை நின்றுவிட்டது என்று பொருள்.

காய்ச்சல் இல்லாத காய்ச்சல்

இந்த எண்களுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரு காலை நேரம். ஒரு அம்மாள் மூச்சிரைக்க ஓடி வருகிறார். கலப்பினப் பசு, வீட்டின் பால் வருமானம் முழுவதும் அதுதான். மருத்துவரோடு நீங்களும் போகிறீர்கள். பசு படுத்துக் கிடக்கிறது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி விலாவின் மேல் சாய்த்திருக்கிறது.

"காய்ச்சல் மாதிரி தெரியுதுங்க. கஷாயம் ஊத்தலாமான்னு பார்த்தேன்" என்கிறார்.

"ஊத்த வேண்டாங்கம்மா. எப்போ கன்னு போட்டுச்சு?"

"நேத்து ராத்திரிங்க."

"எத்தனாவது ஈத்து?"

"நாலாவதுங்க."

காதைத் தொடுகிறீர்கள், சில்லென்றிருக்கிறது. வெப்பமானி 98 என்கிறது. பசுவுக்கு இது மூன்றரை டிகிரி குறைவு. இரைப்பையில் சத்தமில்லை, இரவு முழுவதும் சாணமும் போடவில்லை. நீங்கள் குறித்துக் கொடுத்த சீட்டைப் பார்த்ததுமே மருத்துவர் பையிலிருந்து கால்சியம் புட்டியை எடுக்கிறார்.

இந்த நோய்க்குப் பால் காய்ச்சல் என்று பெயர். காய்ச்சலே இல்லாத ஒரு காய்ச்சல்! அதிகமாகப் பால் கறக்கும் பசுக்களுக்கு, கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் பெரும்பாலும் வருகிறது. காரணம் எளிது. பசுவின் இரத்தத்தில் ஓடிக் கொண்டிருக்கும் கால்சியம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3 கிராம்தான். பத்து லிட்டர் சீம்பாலில் வெளியேறுவதோ 20 கிராமுக்கும் மேல். எலும்பிலிருந்தும் உணவிலிருந்தும் கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கும் ஏற்பாடு உடம்பில் உண்டு. ஆனால் அது முழு வேகத்தில் இயங்க ஓரிரு நாட்கள் ஆகும். அதற்குள் கணக்கு தீர்ந்து போகிறது. கால்சியம் குறைந்தால் தசைகள் சுருங்க மறுக்கும். கால் தசை தளர்ந்து பசு விழுகிறது. இரைப்பைத் தசை தளர்ந்து அசை நிற்கிறது. கடைசியில் இதயத் தசை.

விழுங்கும் தசைகளும் அவ்வாறே தளர்ந்திருக்கும். ஆகவே மூங்கில் குழாயில் ஊற்றும் கஷாயம் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்விடும். பால் காய்ச்சலில் பிழைத்திருக்கக் கூடிய பசு, கஷாயத்தினால் நிமோனியா கண்டு சாகும். "ஊத்த வேண்டாங்கம்மா" என்று நீங்கள் சொன்ன இரண்டு சொற்களின் விலை ஒரு பசு.

இந்நோயின் வரலாறு சுவையானது. 1897-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ஷ்மிட் என்ற கால்நடை மருத்துவர், மடியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று எண்ணி, அதைக் கொல்ல மடிக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினார். பசுக்கள் எழுந்து நின்றன. பிறகு மருந்தில்லாமல் வெறும் காற்றை மடியில் ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் எழுந்தன! நஞ்சு எதுவும் அங்கே இருக்கவில்லை. மடி விம்மியதும் பால் ஊறுவது தடைப்பட்டது. கால்சியம் வெளியேறுவது நின்றது. கால்சியக் குறைவே காரணம் என்று 1925-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் டிரையர், கிரெய்க் என்னும் இருவர் விளக்கினார்கள். தவறான கொள்கையும் சில வேளைகளில் சரியான மருந்தைக் கொண்டு வந்து சேர்த்து விடுகிறது!

இன்று கால்சியக் கரைசலைக் கழுத்துச் சிரை வழியே ஏற்றுகிறார்கள். வெதுவெதுப்பாக்கி, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் அதே கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். மருத்துவர் புட்டியைப் பிடித்திருக்க, பசுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காது கொடுத்துக் கொண்டிருப்பவர் யார்? நீங்கள்தான். துடிப்பு தாளம் தப்பினால் உடனே சொல்ல வேண்டும். சற்று நேரத்தில் பசு ஒரு பெரிய ஏப்பம் விடும், தசைகள் நடுங்கும், சாணம் போடும். பெரும்பாலான பசுக்கள் சில மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். இவ்வளவு விரைவாகக் கண்ணெதிரே பலன் தெரியும் சிகிச்சை மனித வைத்தியத்திலும் அதிகம் இல்லை.

ஓர் ஊசியும் ஒரு பறவையும்

அன்று கொடுத்த மருந்து, அளவு, நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவதும் உதவியாளரின் வேலை. வெறும் எழுத்து வேலை என்று இதை அலட்சியமாக எண்ணாதீர்கள். ஒரு விலங்கின் மருந்து இன்னொன்றுக்கு நஞ்சாகலாம். நமக்குக் காய்ச்சல் வந்தால் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையை இரக்கப்பட்டுப் பூனைக்குக் கொடுத்தால், ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடக் கூடும். அம்மருந்தைத் தீங்கற்றதாக மாற்றி வெளியேற்றும் நொதி நம் கல்லீரலில் நிறைய உண்டு. பூனைக்கு மிகக் குறைவு.

இதைவிடப் பெரிய கதை ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. டைக்ளோஃபெனாக் என்பது வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் மருந்து. மாடுகளுக்கு அதனால் நன்மைதான். ஆனால் அந்த ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்து, அதன் உடலைக் கழுகுகள் தின்றால்? அவற்றின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து, அவை மடிந்தன. பிணந்தின்னிக் கழுகுகளில் வெண்முதுகுக் கழுகு என்னும் இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அழிந்து போயிற்று. காரணம் 2004-ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க இந்திய அரசு நடவடிக்கை எடுத்தது. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து அதற்கு மாற்றாகக் கிடைத்தது. தமிழ்நாட்டில் எஞ்சியுள்ள கழுகுகள் பெரும்பாலும் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. அங்கே உள்ள ஒரு மருந்தகத்தில் எந்தப் புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து மருத்துவரிடம் நீட்டுகிறீர்கள் என்பது வானத்தில் பறக்கும் ஓர் இனத்தின் கதியோடு தொடர்புடையது.

கழுகுகள் குறைந்ததும் செத்த மாடுகளைத் தின்னத் தெரு நாய்கள் பெருகின. வெறிநோய் பரவும் ஆபத்தும் கூடியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கையை வாய்க்குள் விடுவதற்கு முன்

இனிச் சொல்லப் போவது உங்கள் உயிரைப் பற்றியது. ஒரு மாடு எச்சில் ஒழுக நிற்கிறது, தீவனத்தை விழுங்க முடியவில்லை, குரல் மாறியிருக்கிறது. தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார். கொட்டை எதுவும் அகப்படவில்லை. உண்மையில் தொண்டைத் தசைகள் வெறிநோயால் செயலிழந்திருக்கின்றன. ஒழுகும் எச்சிலில் வைரஸ் இருக்கிறது. கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும். அறிகுறிகள் தோன்றிவிட்டால் இந்நோயிலிருந்து மனிதரைக் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. எச்சில் ஒழுக்கும் எந்த விலங்கையும் வெறிநோய் என்று சந்தேகித்தே அணுக வேண்டும். கையுறை இல்லாமல் வாயருகே போகக் கூடாது. இந்த வேலையில் சேருபவர், கடி படுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும்.

கடி பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் சோப்பு அந்த உறையையும் கரைத்து வைரஸைச் சிதைத்துவிடும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் புண்ணைத்தான் பெரிதாக்கும். கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். 1885-ஆம் ஆண்டு ஜூலையில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தொடங்கிய சிகிச்சை அது. 1907-ஆம் ஆண்டிலேயே குன்னூரில் அதற்கென ஒரு நிலையம் ஏற்பட்டுவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று உங்கள் தாத்தா பயமுறுத்துவார். அந்தப் பழைய மருந்து இப்போது இல்லை. இன்று புயத்தில் போடும் சில ஊசிகளோடு சரி. கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள்.

அடைப்பான் நோயிலும் இப்படியொரு எச்சரிக்கை உண்டு. நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால், அதன் உடலை அறுக்கக் கூடாது. மூடிய உடலுக்குள் இருக்கும் வரை கிருமிகள் அழுகலில் அழிந்து போகும். அறுத்தால் காற்றுப் பட்டதும் அவை ஓடு போர்த்த வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். இந்த வாழ்க்கைச் சுழலை 1876-ஆம் ஆண்டில் ராபர்ட் கோஹ் கண்டறிந்தார். சில கிருமி வித்துகள் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீருக்கும் சாவதில்லை. ஆகவேதான் அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலத்தில் வைத்து 121 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நீராவியில் வேக வைக்கிறோம். வீட்டு பிரஷர் குக்கரின் அண்ணன் அது.

பனிக்கட்டிப் பெட்டி

தடுப்பூசி முகாம் நாட்களில் விடியுமுன் கிளம்ப வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும். வெப்பம் பட்டால் அதன் வீரியம் போய்விடும்; கோமாரி நோய்த் தடுப்பு மருந்து போன்றவை உறைந்தாலும் கெட்டுவிடும். கெட்ட மருந்து கண்ணுக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும் என்பதுதான் வம்பு.

இந்தப் பெட்டியைச் சுமந்தவர்களால் ஒரு நோயே உலகிலிருந்து ஒழிந்தது. வெக்கை நோய் என்று உங்கள் ஊர் முதியவர்களைக் கேளுங்கள். மந்தை மந்தையாக மாடுகளை வாரிக் கொண்டு போன நோய் அது. 1960-ஆம் ஆண்டு வாக்கில் கென்யாவில் வால்ட்டர் பிளௌரைட் சிறந்த தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கினார். ஆனால் அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். மின்சாரமும் சாலையும் இல்லாத ஆப்பிரிக்கப் பாலைகளுக்கு எப்படிக் கொண்டு போவது? பின்னர் ஜெஃப்ரி மரைனர் என்பவர், குளிர்பெட்டி இல்லாமலே சில வாரங்கள் தாங்கும்படி அதைத் திருத்தி அமைத்தார். எத்தியோப்பியா, சூடான் போன்ற நாடுகளில், போர் நடந்த பகுதிகளில், மருத்துவர்கள் போக முடியாத இடங்களுக்கெல்லாம் அந்த மருந்தைக் கொண்டு போய் ஊசி போட்டவர்கள் யார் தெரியுமா? சில வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர் மாடு மேய்ப்பவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தியாவில் 1995-ஆம் ஆண்டிலும், உலகில் 2001-ஆம் ஆண்டிலும் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் அது ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனிதன் ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது இதுதான்.

இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பதை இப்போதே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். சாணமும் சீழும் இரத்தமும் அன்றாடம் உண்டு. நடு இரவில் அழைப்பு வரும். காப்பாற்ற முடியாத விலங்கின் அருகே உடையவர் அழுது கொண்டு நிற்பார். அங்கேயும் நீங்கள் நிற்க வேண்டும். படிப்பைப் பொறுத்த வரை, மேல்நிலை வகுப்பில் உயிரியலும் வேதியியலும் எடுத்திருப்பது கை கொடுக்கும். எந்தப் பதவிக்கு என்ன தகுதி என்பதை, அறிவிப்பு வரும் சமயத்தில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். மருத்துவராகவே ஆசையென்றால் வழி வேறு: 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பசு இருந்தால், உடையவரிடம் அனுமதி கேட்டு, அது படுத்து அசை போடும் நேரத்தில் சற்றுத் தள்ளி உட்காருங்கள். கழுத்தில் ஓர் உருண்டை மேலேறி வருவது தெரியும். அதை எத்தனை முறை மென்று விழுங்குகிறது என்று எண்ணுங்கள். நலமாக உள்ள பசு ஓர் உருண்டையை 40 முதல் 60 முறை வரை மெல்லும். பிறகு கடிகாரத்தை வைத்துக் கொண்டு அதன் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறையும், பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறையுமாக ஒரு வாரம் குறித்து வாருங்கள். எந்த வேளையில் எண்ணிக்கை கூடுகிறது, மழை பெய்த நாளில் அந்த வேறுபாடு என்ன ஆகிறது என்று பாருங்கள்.